நடக்கும் எழுத்துகளும் நிற்கும் எழுத்துகளும்

என் பெயர் பூதக்கண்ணாடி. பெற்றோர் இட்ட பெயர் வேறு. அதனை இப்போது மின்கட்டண அலுவலகத்தார் மட்டுமே பயன்படுத்துகின்றனர். எதனைக் கண்டாலும் சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்க்கும் வழக்கம் எனக்கு உண்டு. ஆதலின் ஊரார் அப்பெயரை வழங்கினர். பார்த்தபின் என்ன கண்டேன் என்று எவரும் வினவியதில்லை. வினவியிருந்தால் எனக்குச் சங்கடமாய் முடிந்திருக்கும். நாற்காலியில் அமருமுன் அதன் கால்களைக் குனிந்து ஆராய்வேன். ஐயத்துக்குரியவர்களைப் பின்தொடரும்போது செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொள்வேன். அதனால் அவர்கள் எத்திசையிற் சென்றனர் என்று அறியாமலே பன்முறை வீடு திரும்பியிருக்கிறேன்.

என் உதவியாளர் என் அக்காள். நெடுங்காலம் தையற்கடை நடத்தியவள். 'உதவியாளர்' என்று எங்கள் துப்பறியும் அலுவலகப் பலகையில் எழுதியவன் நான். அலுவலகச் சாவியை இடுப்பில் செருகியிருப்பவள் அவள்.

அன்று காலை நாங்கள் ஒரு வடிவமைப்புக் கூடத்தில் அமர்ந்திருந்தோம். எழுத்துருக்களை வரைந்து விற்பது அவர்கள் தொழில். நாற்காலிக் கால்கள் ஐயத்துக்கு இடமின்றி இருந்தன. கூடத்தின் உரிமையாளர், தலையில் முடி குறைந்து பெருமை மிகுந்தவர், அகன்ற தாள் ஒன்றை மேசைமேல் விரித்தார்.

"இது என்னோட பல வருஷ உழைப்பு. புதுப் படகுத்துறைக்குப் பலகையெல்லாம் இந்த எழுத்துலதான் வரப்போகுது. பாருங்க, வளைவே கிடையாது! வட்டமா வர்ற இடத்தையெல்லாம் சதுரமா மடக்கியிருக்கேன். துறைமுகத்துல அடுக்கி வச்ச பெட்டிங்கதான் எனக்கு இதைச் சொல்லிக் குடுத்துச்சு."

பூதக்கண்ணாடியை எடுத்தேன். 'ட'வுக்கும் 'ப'வுக்கும் இதில் பெரிய இடரில்லை. அவை பிறவியிலேயே சதுரமானவை. ஆனால் 'ழ'வையும் 'அ'வையும் சதுரமாக்குவது பூனையைப் பெட்டிக்குள் உட்கார வைப்பது போன்றது. வால் வெளியே நிற்கும். இங்கோ வாலும் கோணங்கோணமாய் மடிந்து அடக்கமாய் அமர்ந்திருந்தது. ஒவ்வொரு கோட்டின் முனையிலும் செங்கல் போன்ற குட்டைப் பாதம் ஒன்று இருந்தது.

"அந்தப் பாதத்தைத்தான் நாங்க செரிஃப்னு சொல்வோம்," என்றார் அவர். "எழுத்து தரையில உறுதியா நிக்கும்."

அக்காள் தாளின் அடியிலிருந்த சிறிய வரிகளை உற்றுப் பார்த்தாள். "கீழே இருக்கறது ஒண்ணும் படிக்க முடியலையே? எறும்பெல்லாம் கூட்டம் போட்ட மாதிரி இருக்கு."

"அம்மா, இது தலைப்பு எழுத்து. பெயர்ப்பலகை, சுவரொட்டி, புத்தக அட்டை, இப்படிப் பெரிசாத்தான் போடணும். சின்னதாக்கினா எழுத்துக்குள்ள இருக்கற வெள்ளை இடமெல்லாம் அடைச்சுக்கும்."

"கத்திப் பேசினாத்தான் புரியும்ங்கறீங்க. பரவாயில்ல. என் தம்பி எப்படிப் பேசினாலும் புரியாது."

நான் கம்பீரமாக இருமிவிட்டு, வழக்கு யாதென வினவினேன்.

முன்பு இக்கூடத்தில் எழுத்து வரைந்துகொண்டிருந்த பெண்ணொருத்தி வேலையை விட்டுச் சென்றாள். இப்போது இதே வடிவத்தைத் தன் படைப்பு என்று படகுத்துறையின் தேர்வுக்குழுவுக்கு அனுப்பிவிட்டாள். இரண்டும் ஒரே சாயலில் இருப்பதைக் கண்ட குழு திகைத்து, இருவரிடமும் சான்று கேட்டிருக்கிறது.

"நாளைக்குக் காலையில குழு கூடுது," என்றார் உரிமையாளர். "இது என்கிட்டேயிருந்து போனதுதான்னு உங்க அறிக்கை வேணும். அப்புறம் எழுத்து வரையறவங்க சங்கத்துல அவ பேரை எடுத்துருவாங்க. இந்தத் தொழில்ல எவனும் அவளுக்குப் பென்சில் கூடக் குடுக்க மாட்டான்."

அக்காள் இன்னும் தாளை விடவில்லை. "ஏங்க, சில எழுத்துக்கு மட்டும் வலப்பக்கப் பாதம் நீளமா இருக்கே? மத்ததுக்கெல்லாம் ரெண்டு பக்கமும் ஒரே அளவு. ஒரு கால் நீளமா தச்ச பேண்ட் மாதிரி."

உரிமையாளர் புன்னகைத்தார். "வேணும்னே செஞ்சது. சில எழுத்து நடக்கும். சில எழுத்து நிக்கும். வாழ்க்கையும் அப்படித்தானே?"

எத்தகைய ஆழம்! நான் மெய்சிலிர்த்தேன்.

"இந்த 'ம'வுக்கு வலப்பக்கக் கோடு மட்டும் ஏன் பாதியா மெலிஞ்சிருக்கு?"

"அது எழுத்து மூச்சு விடற இடம்."

நானும் என்னையறியாமல் ஒரு மூச்சு விட்டேன். அக்காள் விடவில்லை.

"அந்தப் பொண்ணு எங்கே இருக்கா?"

"அவ சித்தப்பாவோட முடி வெட்டற கடைக்கு மேல மாடியில. நான் அந்தப் பக்கம் காலடியே வச்சதில்ல."

அவருடைய தாளையும், குழுவிடமிருந்து வந்த அப்பெண்ணின் தாளின் நகலையும் அக்காள் சுருட்டித் தன் பையில் வைத்துக்கொண்டாள். இரண்டும் எனக்கு ஒன்றுபோலவே தோன்றின. ஆதலால் அவள் திருடியவள் என்று படியிறங்குமுன்னே முடிவு கட்டிவிட்டேன். விரைந்து முடிவெடுப்பது என் தனித்திறன். அம்முடிவு சரியாய் அமைவது பிறிதொரு துறை.

முடிதிருத்தகத்துக்குள் மாறுவேடத்தில் நுழைவது என் திட்டம். வேடம் என்பது ஒரு தொப்பி. வாடிக்கையாளன் போல நான் உள்ளே செல்ல வேண்டும். அக்காள் என்னை அறியாதவள் போல வெளியே நிற்க வேண்டும். நான் சுழல்நாற்காலியை நெருங்கினேன்.

"வாங்க, துப்பறியற சார்," என்றார் முடிதிருத்துபவர்.

"எப்படி... எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நாற்காலிக் காலைக் குனிஞ்சு பாத்தீங்களே. வேற யாரு செய்வாங்க? வெளியே நிக்கறது உங்க அக்காதானே? பாவம், வெயில்ல நிக்கறாங்க. உள்ளே வரச் சொல்லுங்க."

"அவங்க யாருன்னே எனக்குத் தெரியாது."

"டேய்! தொப்பியைக் கழட்டுடா, அவரு எப்படி வெட்டுவாரு?" என்று கதவுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது.

வேடம் கலைந்தது; அக்காளும் உள்ளே வந்தாள். முடிதிருத்துபவர் துணியைப் போர்த்தி இடப்பக்கத்திலிருந்து வெட்டத் தொடங்கினார். நான் அமர்ந்தபடியே விசாரணையைத் தொடங்கினேன்; கழுத்தில் துணி கட்டப்பட்ட ஒருவன் பிறரை அதட்டுவது எளிதன்று. அப்போது மாடிப்படியில் இறங்கி வந்தாள் ஓர் இளம்பெண். விரல்களில் மை படிந்திருந்தது. அக்காளின் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த தாளைக் கண்டதும் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள்.

"அவர் அனுப்பினவங்களா?"

"விசாரிக்க வந்திருக்கோம்," என்றேன்.

"விசாரிங்க. மறைக்க என்கிட்ட ஒண்ணுமில்ல. ஆனா ஒண்ணு சார். நாளைக்கு என் பேரை எடுத்துட்டாங்கன்னா எனக்கு வேற தொழில் தெரியாது. சித்தப்பா கத்திரிக்கோலைக் கையில குடுத்தாரு. முதல் ஆளுக்கே காதுல ரத்தம்."

"சின்னக் கீறல்தான்மா," என்றார் சித்தப்பா. "அந்த ஆளு இன்னும் வராம இருக்கறதுக்கு வேற காரணம் இருக்கலாம்."

அப்போதுதான் கடையின் முகப்புக் கண்ணாடியை நான் கவனித்தேன். மின்கம்பிகளுக்குச் சுற்றும் கறுப்பு டேப்பைத் துண்டு துண்டாக ஒட்டிக் கடையின் பெயரை அமைத்திருந்தனர். உள்ளிருந்து பார்க்க எழுத்துகள் இடவலம் மாறித் தெரிந்தன. ஆனால் அந்தச் சதுரம், அந்தப் பாதங்கள்! நான் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தேன். கத்திரிக்கோல் என் காதைத் தப்பவிட்டது.

"அகப்பட்டது! அவர் வரைஞ்ச எழுத்தை அப்படியே பாத்துக் கண்ணாடியில ஒட்டியிருக்கீங்க. குற்றத்தைக் கடை வாசல்லயே மாட்டி வச்சிருக்கீங்க!"

எவரும் அதிரவில்லை. முடிதிருத்துபவர், நான் எழுந்துவிட்ட ஓய்வில், நனைந்த துணியை எடுத்துக்கொண்டு வெளியே சென்று கண்ணாடியைத் துடைக்கலானார். தம் வலக்கோடியில் தொடங்கி இடக்கோடி வரை ஒரே இழுப்பு.

அக்காள் அதனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஐயா, நில்லுங்க. இன்னொரு தரம் துடைங்க."

அவர் மீண்டும் வலப்பக்கத்திலிருந்து இழுத்தார்.

"ஏன் எப்பவும் அந்தப் பக்கத்துல ஆரம்பிக்கறீங்க?"

"பக்கெட்டு இங்கேதானேம்மா இருக்கு. குழாய் இந்தப் பக்கம்."

"அப்படி இழுத்தா டேப்போட முனை கிளம்பிக்காது?"

விடை சொன்னவள் அந்தப் பெண். "கிளம்பும். முதல்ல ஒட்டினப்போ தினமும் ஏதாவது ஒரு எழுத்து சித்தப்பா துணியோட வந்துரும். அதனாலதான் முனைக்கு முனை குறுக்கே ஒரு துண்டு ஒட்டினேன். துணி வந்து இடிக்கறது வலப்பக்க முனையிலதானே? அங்கே மட்டும் துண்டை நீளமா வச்சேன். அப்புறம் கிளம்பவே இல்ல."

"அந்தச் சதுரம்?" என்றேன் நான்.

"டேப்பை வளைச்சா சுருங்கிக்கும் சார். அதனால மடிச்சேன். மடிச்சு மடிச்சுப் பாத்தா நல்லா இருந்துச்சு. தெருக்கோடியில இருந்து பளிச்சுன்னு தெரிஞ்சுது. அதுக்கப்புறம்தான் உக்காந்து எல்லா எழுத்தையும் வரைஞ்சேன்."

"துறைமுகத்துப் பெட்டிகள்?"

"என்ன பெட்டி?"

அக்காள் இரு தாள்களையும் சீப்புகளுக்கும் பவுடர் டப்பாவுக்கும் இடையே விரித்தாள். அவள் முகத்தில் தையற்கடைக் காலத்துக் களை வந்துவிட்டது.

"டேய், இங்கே வா. இது உரிமையாளரோட தாள். இதுல நடக்கற எழுத்தை மட்டும் படி. வலப்பாதம் நீளமா இருக்கறது."

பூதக்கண்ணாடிக்கு முதன்முறையாக உண்மையான வேலை கிடைத்தது. "அ, க, ச, ந, ம, ய, ல, ழ."

"நிக்கறதைப் படி."

"ட, த, ப, ர, வ, ற... மீதி எல்லாம்."

"இப்போ முகப்புக் கண்ணாடியைப் பாரு."

பார்த்தேன். எழுத்துகள் திரும்பியிருந்தமையால் விளங்கவில்லை. எதிர்ச்சுவரில் இருந்த நிலைக்கண்ணாடியில் பார்த்தேன். அங்கே அவை நேராகத் தெரிந்தன. 'சிகை அழகு நிலையம்' என்று படித்தேன். ச, க, அ, ழ, ந, ல, ய, ம. நடக்கும் எழுத்துகள் அனைத்தும் அக்கண்ணாடியில் இருந்தன. நிற்கும் எழுத்துகளில் ஒன்றுகூட அங்கில்லை.

"புரியுதா?" என்றாள் அக்காள். "கண்ணாடியில இருந்ததை அவரு பாத்து வரைஞ்சாரு, பாதம் நீளமா வந்துருச்சு. இல்லாததை அவரே யோசிச்சுப் போட்டாரு. பாதம் எதுக்கு நீளம்னே தெரியாதே, அதனால அங்கே விட்டுட்டாரு. இந்தப் பொண்ணோட தாளைப் பாரு. ஒரு எழுத்து நிக்கலை. எல்லாம் நடக்குது."

நான் எளிதில் தோற்பவன் அல்லன். தோற்பதற்கு முன் சற்று வாதாடுவேன். "அவர் வரைஞ்சதைப் பாத்து, குறையெல்லாம் சரி பண்ணி இவங்க வரைஞ்சிருக்கலாமே?"

"கேக்க வேண்டிய கேள்விதான். ஐயா, அந்தக் கடைசி எழுத்து, 'ம்'. அதுல ஒரு கோடு மட்டும் ஏன் மெலிசா இருக்கு?"

முடிதிருத்துபவர் சிரித்தார். "அதுவா! அன்னிக்கு டேப்பு தீர்ந்து போச்சும்மா. கடையும் மூடிட்டான். மிச்சம் இருந்த துண்டை நீளவாக்குல ரெண்டாக் கிழிச்சு ஒட்டிட்டா."

"சித்தப்பா, அதைப் போயி எல்லார்கிட்டேயும் சொல்லணுமா?" என்று அவள் நாணினாள். "வரையும்போது அதை ஒழுங்காத்தான் வரைஞ்சேன்."

அவள் தாளைப் பார்த்தேன். 'ம'வின் இரு கோடுகளும் ஒரே தடிப்பில் இருந்தன. உரிமையாளரின் தாளிலோ அது மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"எங்க கடையில ஒருத்தன் இருந்தான்," என்றாள் அக்காள். "அளவுச் சட்டையில பட்டன் தெறிச்சிருந்தா, புதுச் சட்டையையும் பட்டன் இல்லாமத் தச்சு வைப்பான். இவரு அவனுக்கும் மேல. டேப்பு தீர்ந்து போனதுக்குத் தத்துவம் சொல்றாரு!"

"ஆனா அவர் இந்தப் பக்கம் வந்ததே இல்லையாமே?" என்றேன்.

"யாரு, இவளோட பழைய முதலாளியா?" என்றார் முடிதிருத்துபவர். "இவ அங்கே வேலைக்கு இருந்தப்போ ஒரு நாள் கார்ல கொண்டாந்து விட்டாரு. இதே நாற்காலியிலதான் உக்காந்தாரு. வெட்டறதுக்கு அவர்கிட்ட ஒண்ணுமில்ல, நானும் மரியாதைக்குக் கத்திரிக்கோலைச் சும்மா ஆட்டினேன். போகும்போது வாசல்ல நின்னு கண்ணாடியைப் போட்டோ எடுத்தாரு. கடை பிடிச்சுப் போச்சு போலன்னு எனக்கு ஒரே சந்தோஷம்."

அந்தப் பெண் மெல்லப் படியில் அமர்ந்துவிட்டாள். "போட்டோவா? நீங்க என்கிட்ட சொல்லவே இல்லையே, சித்தப்பா."

"நான் என்னத்தைக் கண்டேன்? பேப்பர்ல வரும்னு காத்துக்கிட்டு இருந்தேன்."

நான் அக்கணமே புறப்பட்டேன். வேகத்தில் ஒன்றை மறந்துவிட்டேன்: என் தலையின் இடப்பக்கம் மட்டுமே வெட்டப்பட்டிருந்தது. உரிமையாளரின் அறைக்குள் நான் நுழைந்தபோது அவர் கண்கள் என் முகத்தை விட்டு மேலேறின.

"ஒரு பக்கம் நடக்குது, ஒரு பக்கம் நிக்குது," என்று அக்காள் விளக்கம் தந்தாள்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த உரையை நான் ஆற்றத் தொடங்கினேன். பாதி வழியில் சொற்கள் தடம் புரண்டன. பக்கெட்டைப் பற்றிச் சொல்லுமுன் குழாயைப் பற்றிச் சொல்லிவிட்டேன். ஆயினும் டேப்பும் துணியும் எட்டு எழுத்துகளும் வரிசையாக வந்து சேர்ந்தன. புகைப்படத்தைக் குறிப்பிட்டதும் உரிமையாளர் நாற்காலியில் சரிந்தார்.

"நீங்க கண்டுபிடிக்க மாட்டீங்கன்னு சொன்னாங்களே!" என்றார்.

"யார் சொன்னது?"

"எல்லாரும்."

 அப்போதுதான் எனக்கு விளங்கியது. நகரில் எத்தனையோ துப்பறிவாளர் இருக்க, இவர் என்னைத் தேடி அழைத்தது என் புகழைக் கேட்டுத்தான். அந்தப் புகழ் இன்னதென்று மட்டும் எனக்கு இதுவரை தெரியாதிருந்தது. விசாரணை நடந்தது என்னும் பெயர் கிடைக்க, உண்மையைக் காணத் தெரியாத ஒருவன் அவருக்குத் தேவைப்பட்டிருக்கிறான்.

அவர் விரைவிலேயே நிமிர்ந்து அமர்ந்தார். "சரி. ஒண்ணும் கெட்டுப் போயிடலை. என்னை நீங்க நல்லவன்னு எழுத வேண்டாம். 'உண்மையைக் கண்டறிய இயலவில்லை'ன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, போதும். முடிவு தெரியலைன்னா குழு என் பேரைத்தான் நம்பும். நீங்க அப்படி எழுதினா யாருக்கும் சந்தேகமும் வராது. இனிமே எங்க சங்கத்து வேலையெல்லாம் உங்களுக்கே வரும்."

அவர் கூறியதில் பொய் ஏதுமில்லை. என் அறிக்கைகளுள் பெரும்பாலானவை அவ்வரியுடனேயே முடிந்துள்ளன. கை வலிக்கிறதென்று அதற்கு ரப்பர் முத்திரையே செய்து வைத்திருக்கிறேன். வாழ்நாளில் முதன்முறையாக ஒன்றைக் கண்டறிந்த நாளில், கண்டறியவில்லை என்று எழுத வேண்டும்! எழுதினால் என்னை அறிந்தவர் எவரும் வியக்கப்போவதில்லை. என் பெயருக்கு அதனால் யாதோர் இழுக்குமில்லை. இழுக்க அங்கே ஏதுமில்லை.

நான் அக்காளைப் பார்த்தேன். எதற்கும் ஒரு சொல் வைத்திருப்பவள், சன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். உதவ மாட்டாள் போலும்.

"யோசிச்சுச் சொல்லுங்க," என்றார் உரிமையாளர்.

"தாளை எடுத்துக்கோ, அக்கா," என்றேன்.

தெருவுக்கு வந்தோம். வழிப்போக்கர் சிலர் என் தலையைப் பார்த்துச் சிரித்தனர். 

"என்னடா பண்ணப் போறே?" என்றாள் அக்காள்.

"காலையில குழுவுக்கு நானே போறேன். ரெண்டு தாளையும் மேசையில வச்சு, வரைஞ்சது அந்தப் பொண்ணுதான்னு சொல்றேன்."